பன்னிரண்டு சிங்கங்கள்

இருபத்திரண்டு வருடத்தில் நானூற்றுப் பதினேழு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பதிவும் செய்து வெளியே விட்டிருக்கிறேன். ஸ்பெயினுக்கு எதிர்க்கரையில் இருக்கிற எங்கள் ஓரான் நகரத்தில் என் பாட்டு ஓடாத கல்யாண வீடு கிடையாது, டாக்ஸி கிடையாது. சிறைச்சாலையில்கூட ஓடியிருக்கிறது, உள்ளே போய் வந்தவர்களே சொன்னார்கள். ஆனால் எங்கள் எல் ஹம்ரி பேட்டையில் பதினொரு வீட்டுக்காரர்கள் சாகும்வரை மறக்காத வாக்கியம் அந்த நானூற்றுப் பதினேழில் எந்தப் பாட்டின் வரியும் இல்லை. பாட்டுக்கு நடுவே பேசப்பட்ட நான்கு நொடிப் பேச்சு. அதையும் நான்தான் எழுதினேன்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. பத்தொன்பது வயதில் கல்யாணங்களில் கீபோர்டு வாசிக்கப் போனேன். பிறகு எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், முன்பு சலூனாக இருந்த அறையை எடுத்து, சுவரில் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்து ஸ்டூடியோ ஆக்கினேன். பாடகர்கள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவனும் பெயருக்கு முன்னால் 'ஷெப்' போட்டுக்கொள்வான், அதாவது இளைஞன். ஐம்பது வயதில் தலைக்குச் சாயம் பூசிய இளைஞர்களுக்கெல்லாம் நான் பாட்டு எழுதியிருக்கிறேன். போஸ்டரில் முகம் அவர்களுக்கு, முதுகுவலி எனக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. என் மூஞ்சியைப் போட்டால் யார் வாங்குவார்கள்?

எங்கள் ஊர்ப் பாட்டுக்கு ராய் என்று பெயர், அது ஆறப்போடுகிற சமாச்சாரம் இல்லை. பாடகன் காலையில் ஒரு காப்பியோடும் ஒரு காதல் தோல்வியோடும் வந்து உட்காருவான். பத்து மணிக்குள் நான் எழுதிவிடுவேன். பன்னிரண்டுக்குப் பாடிவிடுவான். ஒரு மணிக்கு எல்லார் போனிலும் இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் அதே சோகத்தை வேறொருவன் பாடிவிடுவான். திருத்துவது, யோசிப்பது, நாலு பேரிடம் கேட்பது எல்லாம் எங்களுக்குத் தெரியாத பழக்கம்.

இன்னொன்று, பாட்டுக்கு நடுவே பேர் சொல்வது. பாடகன் பாடுவதை நிறுத்திவிட்டு, தாளம் மட்டும் ஓட, "இது லியோனில் இருக்கும் ஹமீதுக்கு, அவன் அம்மாவிடமிருந்து!" என்று கூவுவான். கல்யாண மேடையில் இதற்கென்றே ஒரு ஆள் நிற்பான். பதிவிலும் அந்த இடத்தை விட்டுவைப்போம். பேர் சொல்லாத பாட்டை எங்கள் ஜனங்கள் பாட்டாகவே மதிப்பதில்லை. கடல் தாண்டிப் போன பிள்ளை எங்கேயோ ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று தன் பேர் பாட்டில் வந்தால் எப்படி இருக்கும்? அதற்காகத்தான் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெப் வனீஸ் வந்திருந்தான். இருபத்தாறு வயது, நல்ல குரல், மூளை மட்டும் கொஞ்சம் லேட்டாக வேலை செய்யும். மார்செய்யில் வேறொருவனைக் கட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றிய பாட்டு. கடலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பதினொன்றரை மணி இருக்கும். வனீஸ் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றான். கதவைத் தட்டாமல் கைரா அக்கா உள்ளே வந்தாள்.

கைரா அக்கா எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடி. கணவன் இறந்து பத்து வருடம். பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஒரே பிள்ளை நாதிர், இருபத்திரண்டு வயது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அவனும் பேட்டைப் பையன்கள் பதினொரு பேரும் வியாழக்கிழமை விடியும்போது கிரிஸ்தெல் கரையிலிருந்து கள்ளத்தனமாகப் படகேறிப் போயிருந்தார்கள். பேட்டை முழுவதற்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அலை இல்லாத நாளில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் ஸ்பெயின் கரை தெரிந்துவிடும். வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஒரு தகவலும் இல்லை.

சனிக்கிழமை டாக்ஸிக்காரர் பூஸியான் வீட்டில் எல்லாப் பெற்றோரும் கூடினார்கள். பூஸியானுக்கு அந்தப் படகில் இரண்டு மகன்கள், வலீதும் அனீஸும். ஸ்பெயினில் அல்மெரியாவில் ஒரு பெண் இருக்கிறாள், காணாமல்போன படகைப் பற்றிச் சொன்னால் மீட்பு விமானத்துக்கும் கப்பலுக்கும் தகவல் கொடுப்பாள். பூஸியான் பன்னிரண்டு பேரின் பெயர், வயது, படகின் நிறம், மோட்டார் எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நம் கடலோரக் காவல்படைக்கும் செய்தி போகும், கரைக்குப் பக்கத்தில் போய்விட்டவர்களைத் திருப்பி இழுத்து வருவார்கள், கோர்ட்டு, சிறை. போன வருடம் ஒரு அப்பா அவசரப்பட்டுச் சொல்லி, அவர் மகன் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அதனால் ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிவரை பொறுப்பது, அதற்கும் தகவல் இல்லையென்றால் சொல்லிவிடுவது என்று முடிவு. இது எனக்கும் தெரியும். தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

"மிலூது!" என்றாள் கைரா அக்கா. மூச்சு வாங்கியது. "கூப்பிட்டுட்டான்! என் புள்ளை கூப்பிட்டுட்டான்!"

"உக்காருங்கக்கா. பேசினானா?"

"பேசல. ஒரே ஒரு மணி. போறப்பவே சொல்லிட்டுத்தான் போனான், அம்மா, கரையேறினதும் ஒரு மணி அடிச்சுக் கட் பண்ணிடுவேன், அதுதான் கணக்குன்னு. இந்தா பாரு, முப்பத்திநாலுல ஆரம்பிக்குது. ஸ்பெயின் நம்பர்தானே?"

பார்த்தேன். ஸ்பெயின் நம்பர்தான். பதினொன்று ஐந்துக்கு ஒரு மிஸ்டு கால். எங்கள் ஊரில் பாதிச் செய்தி மிஸ்டு காலில்தான் போகும். ஒரு மணி அடித்தால் வந்துவிட்டேன், இரண்டு அடித்தால் கீழே இறங்கி வா. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"திருப்பிக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. யார் போனையாவது கெஞ்சி வாங்கி அடிச்சிருப்பான். அதான் உன்கிட்ட ஓடி வந்தேன். அவனுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? பாட்டுல அவன் பேரைச் சொல்லுடா தம்பி. அலிக்காந்தேதான் போறேன்னான். எங்க இருந்தாலும் கேப்பான், வனீஸ் பாட்டுன்னா அவனுக்கு உயிரு."

"அவ்வளவுதானே, சொல்லிட்டாப் போச்சு. மத்தப் பசங்க?"

கைரா அக்கா கையைத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

"மத்தவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. என் புள்ளை பேரை மட்டும் சொல்லு. பூஸியான் அண்ணன்கிட்ட நானே போய்ச் சொல்றேன், எனக்கு ஒரு மணி அடிச்சது, இவ்வளவுதான் விஷயம்னு. பாவம், அவருக்கு ரெண்டு. மொதல்ல மார்க்கெட்டுக்குப் போய் ரவை வாங்கிட்டு வந்துடறேன். பிள்ளை கரையேறினா பள்ளிவாசல் வாசல்ல குஸ்குஸ் வெச்சுக் குடுக்கறதா நேந்திருக்கேன்."

போய்விட்டாள். படியில் அவள் குலவையிட்டுக்கொண்டே போனது உள்ளேவரை கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக் கூடாது. வனீஸிடம் மைக்கில் விஷயத்தைச் சொல்லி, பேர் சொல்லும் இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அவன் சொன்னான். பிறகு ஹெட்போனைக் கழற்றினான்.

"மாஸ்ட்ரோ, பேரைச் சொல்லி முடிச்சுட்டேன், டிரம்ஸ் இன்னும் வரல. நடுவுல ஊமை மாதிரி நிக்கறேன்."

"ரெண்டு தடவை சொல்லுடா."

"சொல்லிப் பாத்தேன். மளிகைக் கடைக்காரன் பாக்கிக்காரனைக் கூப்பிடற மாதிரி இருக்கு. அந்த ஓட்டையை அடைக்க ஏதாவது குடுங்க."

அந்த ஓட்டை நான்கு நொடி. டிரம்ஸை முன்னால் இழுத்திருக்கலாம், பத்து நிமிட வேலை. செய்யவில்லை. எனக்கு வரி வந்துவிட்டது. வரி வந்துவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது, அது என் வியாதி. காகிதத்தில் கிறுக்கிக் கண்ணாடியில் ஒட்டினேன். வனீஸ் படித்துவிட்டுச் சிரித்தான், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான், கூவினான்:

"அலிக்காந்தேயில இருக்கிற நாதிருக்கு, அவன் அம்மாகிட்ட இருந்து! கரையேறிட்ட எல் ஹம்ரியோட பன்னிரண்டு சிங்கங்களுக்கு!"

பன்னிரண்டு என்ற சொல் விழுந்த அதே இடத்தில் டிரம்ஸும் வந்து விழுந்தது. எனக்குப் புல்லரித்தது. மத்தியானம் ஒரு மணி கூட ஆகவில்லை, பாட்டை வெளியே விட்டுவிட்டோம். நாதிர் சேர்ந்துவிட்டானென்றால் ஒரே படகில் போனவர்கள் வேறெங்கே போவார்கள் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நான் நினைக்கவே இல்லை. ஓட்டை இருந்தது, அடைத்தேன்.

இரண்டு மணிக்குப் பேட்டையில் குலவைச் சத்தம் கிளம்பியது. ஒரு ஜன்னலில் ஆரம்பித்து, எதிர் ஜன்னல், அடுத்த தெரு என்று பரவியது. யாரோ காரை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். கைரா அக்கா மார்க்கெட்டிலிருந்து ரவை மூட்டையோடு திரும்பி பூஸியான் வீட்டுக்குப் போனபோது அங்கே பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவளும் பாட்டைக் கேட்டாள். பன்னிரண்டு என்று அதில் இருந்தது. எனக்கு வேறு எங்கிருந்தோ நல்ல செய்தி வந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் போய் உள்ளதைச் சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துதான் சொல்கிறோம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

நான்கு மணிக்கு பூஸியானே ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் தேனில் ஊறிய க்ரிவெஷ் பலகாரப் பெட்டி. என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் முத்தமிட்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"ஷூ மாட்டிட்டேன் மிலூது. லிஸ்ட்டு பையில. படியிறங்கறேன், எதிர்வீட்டுப் பொண்ணு ஜன்னல்ல இருந்து கத்தறா, பாட்டு வந்திருக்கு கேளுங்கன்னு. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா என் புள்ளைங்களை நானே போலீசுக்குப் பிடிச்சுக் குடுத்திருப்பேன்."

"அல்லா காப்பாத்தினான் அண்ணே."

பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் வாயருகே நீட்டினார். பிறகு, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார். "பன்னிரண்டு பேருமேதானே? என் சின்னவன் அனீஸுக்கு நீச்சல் சரியா வராது. அதான் கேக்கறேன்."

இங்கேதான், இந்த இடத்தில்தான், என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும்: அண்ணே, நாதிருக்கு மட்டும்தான் மணி வந்தது, மீதியை நான் பாட்டுக்காகப் போட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அதோடு, எல்லாரும் சேர்ந்திருக்கத்தான் வேண்டும் என்று அப்போதும் நம்பினேன். நாளைக்கே பன்னிரண்டு மணியும் அடித்துவிடும், என் வார்த்தை உண்மையாகிவிடும்.

"கைரா அக்காவுக்குத் தகவல் வந்துச்சு அண்ணே," என்றேன்.

வாயைத் திறந்து க்ரிவெஷை வாங்கிக்கொண்டேன்.

திங்கள்கிழமை யாருக்கும் மணி அடிக்கவில்லை. போன் இருக்காது, முகாமில் வைத்திருப்பார்கள் என்றார்கள். செவ்வாய்க்கிழமை பெண்கள் கைரா அக்கா வீட்டுக்கு ஏறி இறங்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமை காலையில் பூஸியான் ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து அந்த நம்பருக்கு மறுபடி மறுபடி அடிக்க வைத்தார். பத்தாவது தடவை எடுத்தது. பதிவு செய்த ஒரு பெண் குரல், மலிவு விலையில் மின்சார இணைப்பு வேண்டுமா, ஒன்றை அழுத்தவும் என்றது. உலகத்தில் இருக்கிற நம்பருக்கெல்லாம் அடித்துக் கட் பண்ணும் ஏதோ ஒரு எந்திரம்.

புதன் மத்தியானம்தான் அல்மெரியாப் பெண்ணுக்கு லிஸ்ட்டு போனது. மறுநாளே விமானம் பறந்தது, ஒரு சரக்குக் கப்பல் படகைக் கண்டுபிடித்தது. அவ்வளவு சீக்கிரம். படகில் ஒருவன் உயிரோடு இருந்தான், ஸக்கி என்ற பையன், மூன்றாவது தெரு. இரண்டு உடல்கள் இருந்தன. மற்ற ஒன்பது பேரும் இல்லை.

சனிக்கிழமை ஸ்பெயினில் கார்த்தஹீனா ஆஸ்பத்திரியிலிருந்து ஸக்கி அவன் அப்பாவிடம் பேசினான். ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்டார்கள். மோட்டார் வியாழக்கிழமை மத்தியானமே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். திங்கட்கிழமையும் இருந்தார்கள். தண்ணீர் தீர்ந்துபோய் கடல் தண்ணீரைக் குடித்துப் புத்தி பேதலித்து, செவ்வாய்க்கிழமை முதலில் கடலில் குதித்தது அனீஸ். தம்பியைப் பிடிக்கப் போன வலீதும் திரும்பவில்லை. நாதிர் போனது புதன்கிழமை. அல்மெரியாப் பெண் பூஸியானிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாளாம், ஞாயிற்றுக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று. கோபத்தில் இல்லை, புரியாமல் கேட்டிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை? பேட்டைக்கு பதில் தயாராக இருந்தது. கைரா. தன் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பீற்றிக்கொள்ள ஆசைப்பட்டு, ஊருக்கே பொய் சொன்னவள் கைரா. மிலூதே சொன்னானே, கைராவுக்குத் தகவல் வந்தது என்று.

துக்க வீட்டில் அவளை உட்கார விடவில்லை. "உன் மூஞ்சியை எந்தத் தைரியத்துல காட்டற?" என்று ஒருத்தி கத்தியது தெருவுக்கே கேட்டது. பதினோரு பையன்களுக்கும் உடல் ஊருக்கு வராமலே இறுதித் தொழுகை வைத்து, ஊரே வீடு வீடாகப் போய் ஆறுதல் சொன்னது. மூன்றாம் மாடிக்கு மட்டும் ஒருவரும் ஏறவில்லை. அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே? அந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை. ரொட்டிக் கடையில் அவளை நிற்கவைத்துவிட்டுப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவள் கதவில் யாரோ சாணத்தை அப்பிவிட்டுப் போனார்கள். தினமும் அதே படியில்தான் நானும் இறங்குகிறேன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் படியில் என்னை மறித்தாள். இளைத்துப் பாதி ஆகியிருந்தாள்.

"மிலூது, நான் உன்னைத் திட்ட வரல. எனக்கு ஒரே ஒரு உதவி செய். அன்னைக்கு நான் உன்கிட்ட என்ன சொன்னேனோ, அதை அவங்ககிட்டச் சொல்லு. என் புள்ளையை மட்டும் சொல்லுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாக்கா."

"மத்தவங்களைப் பத்தித் தெரியாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கக்கா."

"அதைப் போய்ச் சொல்லு. அது போதும். என் புள்ளைக்காக நான் நிம்மதியா அழுதுக்கறேன்."

"சொல்றேன்," என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். பயம், வேறு என்ன? கதவில் சாணம் அப்பினவர்கள் என் ஸ்டூடியோவைக் கொளுத்தமாட்டார்களா?

இன்னும் கேவலமான ஒன்றும் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் அவள் பேசும்போது என் மேஜை மைக் திறந்தே இருந்தது. அவள் குரல் முழுக்கப் பதிவாகியிருந்தது, மத்தவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது என்று தெளிவாக. ஸக்கி பேசிய அந்தச் சனிக்கிழமை ஓடிவந்து முதல் வேலையாக அதை அழித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பாடகனின் இருமலைக்கூட நான் அழித்ததில்லை.

வனீஸுக்கு அடித்தேன். அவன் இதற்குள் பிரான்ஸ் போயிருந்தான். பாட்டு அப்படி ஓடிக்கொண்டிருந்தது. செத்தவர்கள் பாட்டு என்று பேராகிவிட்டது. மேடையில் அவன் அந்த வரியைச் சொல்லும்போது ஆயிரம் பேர் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்களாம். பாட்டையே எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். நான் ஒரு இடத்தில் எடுத்தால் நூறு இடத்தில் முளைத்தது.

"வனீஸ், நீ அங்கதானே நின்ன? அந்த வரியை நான்தான் எழுதினேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. பூஸியான் அண்ணனுக்கு ஒரு போன் போடு."

"மாஸ்ட்ரோ, நான் ஹெட்போன் போட்டிருந்தேன். அந்தம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதிக் குடுத்தீங்க, நான் சொன்னேன். இதுல என்னை இழுக்காதீங்க. அடுத்த பாட்டு எப்ப தர்றீங்க?"

நாற்பதாம் நாள் பூஸியான் வீட்டில் ஃபாத்திஹா ஓதி குஸ்குஸ் போட்டார்கள். ஆண்கள் எல்லாம் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பறிகொடுத்த அப்பாக்கள் ஏழு பேர் இருந்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கைரா அக்கா தன் பிள்ளையை மட்டும்தான் சொன்னாள். பன்னிரண்டு என்பது என் வார்த்தை. பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது, அதை அடைக்கப் போட்டேன். அன்று ஸ்டூடியோவில் அண்ணன் கேட்டபோதும் மறைத்தேன். யாரையாவது வெறுக்க வேண்டுமானால் என்னை வெறுங்கள்.

பூஸியான் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு மாதத்தில் கிழவனாகிவிட்ட முகம்.

"யாரு அனுப்பினா? அவளா?"

"யாரும் அனுப்பல அண்ணே. இதுதான் நடந்தது."

"அழுதிருப்பா. ஒரே படியில ஏறி இறங்கறீங்க, உனக்கு மனசு தாங்கல. நீ நல்லவன் மிலூது, அது எனக்குத் தெரியும். ஆனா எங்களை முட்டாளாக்காதே."

"அண்ணே, சத்தியமா..."

"நான் கேட்டேனா இல்லையா, பன்னிரண்டு பேருமான்னு? என் கண்ணைப் பாத்து நீ என்ன சொன்ன? கைராவுக்குத் தகவல் வந்துச்சுன்ன. அன்னைக்கு நீ பொய் சொல்ல உனக்கு என்ன காரணம்? ஒண்ணும் இல்ல. இன்னைக்குப் பொய் சொல்லத்தான் காரணம் இருக்கு, ஒரு விதவையைக் காப்பாத்தணும். நாலு நொடி ஓட்டையாம். நாலு நொடிக்காக எவனாவது பன்னிரண்டு புள்ளைங்க பேர்ல இட்டுக்கட்டுவானா? உன்னை அப்படிப்பட்டவன்னு நான் நினைக்கல."

"இட்டுக்கட்டினேன் அண்ணே. நான் அப்படிப்பட்டவன்தான்."

"உன் ஸ்டூடியோவுல எல்லாத்தையும் பதிஞ்சு வெப்பியே. அவ பேசினது இருக்கா? போடு, கேக்கறேன்."

"இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஸக்கியின் அப்பா தலையை ஆட்டினார், இதுவும் ஒரு பிழைப்பா என்கிற மாதிரி. பூஸியான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

"பாட்டு எழுதறவன்யா நீ," என்றார். "சோகம்னா உனக்குக் கை சும்மா இருக்காது. விடு. உக்காரு, சாப்பிடு. என் புள்ளைங்க பேர்ல போட்ட சோறு, சாப்பிடாமப் போகாதே."

தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தட்டில் தன் பக்கம் இருந்த கறித் துண்டை எடுத்து என் பக்கம் வைத்தார். அந்தச் சோற்றை மறுத்துவிட்டு எழுந்து போக எங்கள் ஊரில் யாராலும் முடியாது. சாப்பிட்டேன்.

திரும்பி வந்து மூன்று மாடி ஏறினேன். கதவைச் சுரண்டிக் கழுவியிருந்தாள், கறை மட்டும் போகவில்லை. நான் தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டாள், கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும்.

"சொன்னியா?"

"சொன்னேன்கா. எல்லார் முன்னாடியும், ஒண்ணுவிடாம."

"என்ன சொன்னாங்க?"

"நம்பலக்கா. உங்களைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றேன்னு நினைக்கறாங்க."

கைரா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஏதோ கணக்குச் சரியாக வரவில்லை என்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"அன்னைக்கு நீ சொன்னதை ஒரு வார்த்தை கேள்வி கேக்காம நம்பினாங்களே," என்றாள்.

"நாளைக்கு மறுபடி போய்ச் சொல்றேன்," என்றேன்.

"வேண்டாம் தம்பி," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.